வியாழக்கிழமை லைன்

யேசுரட்ணம் பதினாறு வயதில் டொக்யாட் என்ற கப்பல் பட்டறைக்குள் வேலைக்குப் போனார். அது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு. நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வருடமாகியும் திருகோணமலைத் துறைமுகம் இங்கிலாந்துக் கடற்படையின் கையில்தான் இருந்தது. டொக்யாட் மதிலுக்குள்ளே அவர்களுக்கென்று தனியாக ஒரு தொலைபேசி நிலையம். யாராவது ஓர் எண்ணைச் சுழற்றினால், இரும்புச் சட்டங்களில் வரிசையாகத் தொங்கும் சின்ன இயந்திரங்கள் தாமாகவே மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, சரியான இடத்தைத் தொட்டு நிற்கும். செலெக்டர் என்பார்கள். செலெக்டர் பழுதானால் மற்றவர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்துத்தான் பிழையைக் கண்டுபிடித்தார்கள். யேசுரட்ணம் பக்கத்தில் நின்று காது கொடுத்தே சொல்லிவிடுவார். ஏறும்போது ஒரு தட்டுக் கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தெரியும்.

ஐம்பத்தேழில் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. யேசுரட்ணத்துக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பட்டினத்துத் தொலைபேசி நிலையத்தில் அவரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இயந்திரம் இல்லை, சுவிட்ச்போட்தான். பெண்கள் வரிசையாக இருந்து, கேட்ட எண்ணுக்கு வயரைக் குத்தி இணைப்பார்கள். வெளி லைன்களைப் பார்ப்பதும் சுவிட்ச்போட்டைத் திருத்துவதும் யேசுரட்ணத்தின் வேலை.

சீலாவை முகத்தில் காணும் முன்பே குரலில் தெரிந்துகொண்டார். அறுபதாம் ஆண்டு, நிலாவெளி றோட்டில் மூன்றாவது மைலில் ஒரு தூணின் உச்சியில் நின்று, கையிலிருந்த சோதனைக் கருவியை வயரில் கொழுவினார்.

"ஹலோ, மூண்டாம் கட்டையில நிக்கிறன். கேக்குதோ?"

"கேக்குது," என்றது சுவிட்ச்போட்டிலிருந்து புதிய குரல் ஒன்று. "ஆனா தூரத்தில நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு."

"தூரத்திலதான் நிக்கிறன்."

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. லைன் மிகச் சுத்தமாக இருந்தது. ஆனாலும் அன்று அந்தத் தூணில் இன்னும் இரண்டு தடவை சோதனை செய்தார் யேசுரட்ணம். அடுத்த வருடம் பாலையூற்றுக் கோவிலில் இருவருக்கும் கலியாணம் நடந்தது. பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் அதிகம் கதைத்ததும் இல்லை.

அறுபத்து நான்கு மார்கழிப் புயலில் பட்டினத்தின் தூண்கள் பாதிக்கு மேல் விழுந்தன. யேசுரட்ணம் நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. முறிந்த தென்னைகளுக்கிடையில் வயர் இழுத்து, துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் லைன் கொடுத்தார். சீலா சுவிட்ச்போட்டை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொரு லைனாக உயிர் பெற்று வரும்போது அவளுக்கு முதலில் கேட்பது அவருடைய குரலாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பாராட்டுக் கடிதம் வந்தது. அது சிங்களத்தில் இருந்தது. குசினி மேசையில் வைத்துச் சீலாதான் வாசித்து அர்த்தம் சொன்னாள்.

அப்போது சிங்களம் அரசகரும மொழியாகிச் சில வருடங்களாகியிருந்தன. அரசாங்க வேலையில் இருந்த தமிழர்கள் சிங்களச் சோதனையில் சித்தியெய்த வேண்டும். இல்லையென்றால் சம்பள உயர்வு நிற்கும், பதவி உயர்வு இல்லை, பிறகு வேலையே இல்லை. சீலா இரண்டாவது தடவையில் சித்தியடைந்தாள். ஒரு நாளைக்கு நூறு தடவை கொழும்புப் பெண்களோடு சிங்களத்தில் கதைப்பவளுக்கு அது பெரிய மலை அல்ல. யேசுரட்ணம் மூன்று தடவை எழுதினார். எழுத்துச் சோதனையில் மட்டுமட்டாகத் தேறினார். வாய்மொழிச் சோதனையில்தான் ஒவ்வொரு தடவையும் விழுந்தார்.

மூன்றாவது தடவை எழுபத்தொன்றில். சோதிப்பவர் நல்ல மனிதர். இவருடைய முகத்தைப் பார்த்ததும் கேள்வியை இலகுவாக்கினார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். யேசுரட்ணத்துக்குக் கேள்வி விளங்கியது. சாப்பிட்டது பேக்கரிப் பாண். தமிழிலும் பாண், சிங்களத்திலும் பாண். ஒரு சொல். ஆனால் வாய் திறக்கவில்லை. இருபது வருடம் தூணிலும் மழையிலும் செய்த வேலை முழுவதும், இந்த மேசைக்கு முன்னால் இருந்து தான் தின்றதைச் சொல்வதில் வந்து நிற்கிறதே என்ற எண்ணம்தான் வந்தது. சோதிப்பவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனையை மூடினார்.

வீட்டில் சீலா கேட்டாள்:

"என்ன கேட்டவை?"

"காலமை என்ன சாப்பிட்டனான் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

சீலா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "பாண் எண்டு சொல்லியிருக்கலாமே."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஏதோ ஒன்று குறைந்துபோனது. பின்னேரங்களில் சீலா வேலையால் வந்து, இன்றைக்குக் கொழும்பில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. கொழும்புப் பெண்கள் கதைத்ததை அவர்களுடைய குரலிலேயே, சிங்களத்திலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். இப்போது அதை நிறுத்திவிட்டாள். அவர் மனம் நோகும் என்று அவள் நினைத்தாள். தன்னைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்தார்.

எழுபத்து மூன்றில், சோதனையில் தேறாததால், யேசுரட்ணத்தை ஓய்வில் அனுப்பினார்கள். வயது முப்பத்தொன்பது. காலையில் சீலா சைக்கிளில் வேலைக்குப் போக, அவர் வாசலில் நிற்பார். றேடியோ திருத்தக் கொண்டுவந்து தருவார்கள். செய்து கொடுப்பார். மற்ற நேரம் டச்சுக்குடாப் பக்கம் நடந்துபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வழியில் தொலைபேசித் தூண் ஒன்று சாய்ந்திருந்தால் நின்று பார்ப்பார். யாருக்கும் சொல்ல மாட்டார்.

விளம்பரத்தைக் கண்டது சீலாதான். ஆங்கிலப் பேப்பரில் ஒரு மூலையில், வெளிநாட்டுத் தொலைபேசி நிலையங்களில் வேலைக்கு அனுபவமுள்ளவர்கள் தேவை, கொழும்பில் நேர்முகம் என்று நாலு வரி. கத்தரித்து, அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லிபியாவாம்," என்றாள்.

"அங்க என்ன பாசை?"

"அரபு."

யேசுரட்ணம் அவளைப் பார்த்தார். சீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் போகோணும் எண்டு நான் சொல்லேல்லை," என்றாள். "ஆனா இப்பிடி இருக்கிறதையும் என்னாலை பாக்க ஏலாது."

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டின் மேல்மாடி. வெளியே முப்பது பேர் சான்றிதழ்களோடு காத்திருந்தார்கள். உள்ளே ஓர் இத்தாலிய எஞ்சினியர். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. யேசுரட்ணம் சான்றிதழை நீட்டினார். அந்த மனிதர் அதை வாங்காமல் மேசையில் இருந்த செலெக்டர் ஒன்றைக் காட்டி, பக்கத்திலிருந்த எண்வட்டைச் சுழற்றினார். செலெக்டர் ஏறியது, திரும்பியது, நின்றது. யேசுரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் என்று விரலால் காட்டினார். எஞ்சினியர் மறுபடி சுழற்றினார். யேசுரட்ணம் மேசையிலிருந்து சிறிய திருப்புளியை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கை மயிரளவு தளர்த்தினார். மறுபடி சுழற்றியபோது சத்தம் மணிபோல வந்தது.

எஞ்சினியர் எழும்பி அலுமாரியைத் திறந்து இன்னும் நான்கு செலெக்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். அரை மணித்தியாலத்தில் நாலும் சரியாயின. எஞ்சினியர் தன்னுடைய பாசையில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு கை கொடுத்தார். மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெண் எழும்பி வந்து, "நீங்கள் எடுபட்டிட்டீங்கள்," என்றாள்.

யேசுரட்ணம் படியிறங்கிக் காலி வீதிக்கு வந்து, ஒரு மதில் ஓரமாக நின்றார். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லையே என்று நினைத்தார். என்ன பாசை தெரியும், காலையில் என்ன சாப்பிட்டாய், ஒன்றும் கேட்கவில்லை. சந்தோசம்தான். ஆனால் கண் கலங்கியது. அவர்கள் கேட்காமல் விட்டதைத் தன் ஊரில் கேட்டார்கள் என்பதுதான் அப்போது அவரை உலுக்கியது.

எழுபத்தைந்து வைகாசியில் புறப்பட்டார். சீலா ஸ்ரேசனுக்கு வந்தாள். ரயில் நகரும்வரை சாமான்களைப் பற்றியே கதைத்தாள். எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். ரயில் நகர்ந்த பிறகு கூடவே நாலு எட்டு நடந்து, ஏதோ சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை.

டெர்னா என்பது லிபியாவில் மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடந்த ஒரு சிறு துறைமுகப் பட்டினம். மதில்களின் மேலால் மல்லிகை தொங்கியது. அங்கே அப்போது தெருப்பலகை, கடைப்பலகை, மருந்துப் போத்தல், பஸ் எல்லாவற்றிலும் அரபு மட்டும்தான். டொக்யாட்டில் பொறுக்கிய ஆங்கிலம் ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் கிழமை யேசுரட்ணம் தங்கும் இடத்திலிருந்து தொலைபேசி நிலையத்துக்குப் போகும் வழியைக் கதவுகளின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார். ஒரு கதவுக்குப் புதுப் பூச்சுப் பூசியபோது வழி தவறிக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

அறையில் கூட இருந்தவர் திருகோணமலைப் பக்கத்துத் தோப்பூர்க்காரர் ஆதம்பாவா. நிலையத்தின் ஜெனறேற்றரைப் பார்க்கும் மெக்கானிக். சின்ன வயதில் குர்ஆன் ஓதிப் பழகியவர். பலகைகளில் இருப்பதையெல்லாம் தடங்கலின்றி, அழகான உச்சரிப்பில் வாசிப்பார். ஆனால் ஒரு சொல்லும் விளங்காது.

"அண்ணன், அதுல 'ஸம்ன்' எண்டு போட்டிருக்கு," என்று ஒரு நாள் கடையில் ஒரு தகர ரின்னைக் காட்டிச் சொன்னார்.

"அப்பிடியெண்டா என்ன?"

"அது தெரியா. ஆனா எழுத்து அதுதான்."

ரின்னில் மாட்டுப் படம் இருந்தது. பால்மா என்று இருவரும் முடிவு செய்து இரண்டு பெரிய ரின் வாங்கினார்கள். அறைக்கு வந்து திறந்தால் நெய். ஒரு மாதம் வெறும் தேத்தண்ணி குடித்து, சோற்றை நெய்யில் குளிப்பாட்டித் தின்றார்கள். ஆதம்பாவா ஒவ்வொரு நாளும் சாப்பிட இருக்கும்போது சிரித்தார். யேசுரட்ணத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் இதைச் சீலாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். கடிதத்தில் எழுதிப் பார்த்தார். எழுதிய பிறகு அதில் சிரிப்பு இருக்கவில்லை.

வேலையில் மட்டும் பாசை தேவைப்படவில்லை. நிலையத்தில் உம்ரான் என்ற லிபியர் இருந்தார், மெலிந்த, நிதானமான மனிதர். யேசுரட்ணம் பழுதான செலெக்டரின் சத்தத்தை நாக்கால் செய்து காட்டுவார். உம்ரான் தலையசைத்து, சரியான சத்தம் எது என்று தானும் நாக்கால் செய்வார். சரிவந்தால் "பாஹி" என்பார். நல்லது என்று அர்த்தம். ஒரு வருடத்தில் யேசுரட்ணம் பழகிய அரபு பதினைந்து சொல்லுக்குள் அடங்கும். அதில் பாதி ஆணி, வயர், ஏணி.

லைன் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, நடந்துகொண்டிருக்கும் பேச்சுகளில் கொஞ்ச நேரம் காது வைக்க வேண்டும். ஊரில் என்றால் நாலு சொல் கேட்டதும் கழற்றிவிடுவார், மற்றவர்களின் கதை. இங்கே விளங்காது என்பதால் கொஞ்சம் கூட நேரம் நின்றார். கோபத்தில் கதைப்பவர்கள், கடன் கேட்பவர்கள்போல இழுத்துக் கதைப்பவர்கள், ஒன்றும் சொல்ல இல்லாமல் சும்மா எடுத்தவர்கள். எல்லோருக்கும் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரை ஆயிரம் பேரோடு சேர்த்துவைத்துவிட்டு அறைக்குப் போகும்போது, யேசுரட்ணத்துக்குத் தன் வாயில் பேச்சு உலர்ந்துபோய் ஒட்டியிருப்பது போல இருந்தது. சீலாவின் கடிதங்கள் ஆறு கிழமைக்கு ஒருக்கால் வந்தன. சுகம், மழை, கிணறு, கோவில் திருநாள். எழுத்து அவளுடையதுதான். ஆனால் எத்தனை தரம் வாசித்தாலும் அவள் குரல் அதில் வரவில்லை. சில வேளை அவளுடைய குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்று, வராமல் பயந்துபோனார்.

எழுபத்தேழு தை மாதம், வெளிநாட்டு அழைப்புகளுக்காகப் புதிய லைன்கள் போட்டார்கள். இரண்டு கிழமை சோதனை. டெர்னாவிலிருந்து பெங்காசி, அங்கிருந்து ரோம், ரோமிலிருந்து எங்கேயாவது. ஒரு வியாழக்கிழமை காலை, உம்ரான் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு யேசுரட்ணத்தைப் பார்த்தார். "ஸீலான்?" என்று கேட்டார். இலங்கையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். யேசுரட்ணத்துக்கு முதலில் விளங்கவில்லை. உம்ரான் சோதனைத் தாளைக் காட்டினார். எந்த ஊர் என்று எழுத ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

யேசுரட்ணம் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தாளில் திருகோணமலையை 'ட்ரிங்கோ' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ரோமில் ஓர் ஆண்குரல். பிறகு லண்டன். நீண்ட இரைச்சல். பிறகு கொழும்பு, ஒரு பெண், சிங்களத்தில். "ட்ரிங்கோ, ட்ரிங்கோ" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. ஊரில் அப்போது பகல் பன்னிரண்டரை இருக்கும். சீலா வேலையில் இருப்பாளோ, சாப்பிடப் போயிருப்பாளோ தெரியாது.

"ட்ரிங்கோ," என்றது குரல்.

அவள்தான்.

யேசுரட்ணம் வாய் திறக்கவில்லை. லைன் இன்னும் தனக்குத் தரப்படவில்லை. கொழும்புப் பெண், லிபியாவிலிருந்து சோதனை அழைப்பு, உங்களுடைய நிலையத்தைத்தான் கேட்கிறார்கள் என்றாள். சீலா, லிபியாவோ என்று கேட்டாள். யார் என்று கேட்டாள். கொழும்புப் பெண் பெயரைச் சொன்னாள். இரண்டு பெண்களும் சிங்களத்தில் கதைத்தார்கள். யேசுரட்ணத்துக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இருபது மாதமாகத் தன்னைச் சுற்றி யார் என்ன கதைத்தாலும் விளங்காமல் கிடந்தவருக்கு அந்தப் பாசை காதில் விழுந்தபோது, முற்றத்தில் யாரோ கதைப்பது போல இருந்தது. அதன் மேல் அவருக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. அது அப்படியே இருந்தது. ஆனால் சீலாவின் குரல் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

"ஆளைத் தெரியுமோ?" என்று கொழும்புப் பெண் கேட்டாள்.

"மகே மஹத்தயா," என்றாள் சீலா. என்னுடைய புருசன்.

பிறகு இரைச்சல் குறைந்தது. "கதையுங்கோ," என்று கொழும்புப் பெண் சொன்னாள்.

"சீலா."

அவருடைய குரல் போய்ச் சேர ஒரு கணம் எடுத்தது. அதற்குள் அவளும் கதைக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டும் மோதி இரண்டும் நின்றன.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

"நீர் சொல்லும். சுகமா இருக்கிறீரோ?"

"ஓம். நீங்கள் மெலிஞ்சு போனியளோ?"

"இல்லை. இஞ்ச நெய்ச் சோறு."

"நெய்யோ?"

"அது பெரிய கதை."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பும் தாமதித்துத்தான் போனது. அவள் பக்கத்தில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. லைன் பிழையோ என்று தொழில்காரக் காது தேடியது.

"அங்க என்ன சத்தம்?"

"மழை," என்றாள் சீலா. "விடியத் தொடங்கினது. கூரைத் தகரத்தில."

"கொஞ்சம் கதைக்காமல் இரும்."

சீலா கதைக்கவில்லை. யேசுரட்ணம் திருகோணமலையில் பெய்த மழையைக் கேட்டார். இடையில் அவளுடைய மூச்சும் கேட்டது. உம்ரான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு ஸ்ரேசனில," என்றார் யேசுரட்ணம், "ரயிலோட நடந்து வந்து என்னவோ சொன்னனீர். எனக்குக் கேக்கேல்லை."

"போகாதேங்கோ எண்டு சொன்னனான்," என்றாள். "நான்தானே அனுப்பினனான். பிறகு எப்பிடிப் பெலத்துச் சொல்லுறது?"

"அடுத்த வியாழனும் சோதினை இருக்கு," என்றார். "எடுத்துப் பாக்கிறன். இந்த நேரத்துக்குத்தான்."

"நான் சுவிட்ச்போட்டிலதான் இருப்பன்," என்றாள் சீலா. அதோடு லைன் போனது.

அடுத்த வியாழன் வரவில்லை. அந்த அழைப்புக்கு இரண்டு நாள் கழித்து, சோதனை முடிந்துவிட்டதென்று பெங்காசியிலிருந்து ஆட்கள் வந்து லைன்களைப் பொறுப்பெடுத்தார்கள். அறையைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனார்கள். உம்ரான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். யேசுரட்ணம் அன்றே சீலாவுக்கு எழுதினார்: இனி எடுக்க ஏலாது, காத்திருக்க வேண்டாம். அந்தக் கடிதம் ஐந்து கிழமை கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பிப் போகத்தான் நினைத்தார். ஆனால் ஊரில் என்ன வேலை? மறுபடி வாசலில் நிற்பது, மறுபடி கடற்கரை. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு மூன்று நாள் ஆதம்பாவாவோடும் கதைக்கவில்லை.

"அண்ணன், நீங்க பிழை ஒண்டும் செய்யல்ல," என்றார் ஆதம்பாவா. "நானும்தான் போட்டிரிக்கன். எனக்குக் கடைசிப் பிள்ளைட முகமே தெரியா. நான் வரக்குள்ள அது பொறக்கல்ல."

யேசுரட்ணம் அவரைப் பார்த்தார். இத்தனை மாதமாகக் கூடச் சிரித்த மனிதர் இதை ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை. அன்று இருவருமாகக் கடற்கரைக்குப் போனார்கள். அந்தக் கடல் எந்தத் திசையில் ஊருக்குப் போகும் என்று வாதாடி, முடிவு காணாமல் திரும்பி வந்தார்கள்.

எழுபத்தொன்பது ஆனியில் யேசுரட்ணம் திருகோணமலையில் வந்து இறங்கினார். சீலாவின் தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. சாமான்களைத் தூக்க அவளும் கை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்தாள். மேசையில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். நாலு வருடம் மனதுக்குள் இடைவிடாமல் அவளோடு கதைத்தவருக்கு, முன்னால் இருப்பவளிடம் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் சந்தைப் பக்கம் போனவரைச் சுவிட்ச்போட்டில் வேலை செய்யும் எல்சி கண்டு நின்றாள்.

"அண்ணை வந்திட்டியள். இனி எங்களுக்கும் வியாழக்கிழமை லீவு கிடைக்கும்," என்றாள்.

"என்ன பிள்ளை?"

எல்சி சொன்னாள். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு சீலா அக்கா ஒரு வியாழக்கிழமையும் லீவு எடுத்ததில்லை. வேலைமுறை மாறி வந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்வாள். பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிவரை கொழும்பு லைன் இருக்கும் கதிரையில் வேறு யாரையும் இருக்க விட மாட்டாள். போன வருடம் கொழும்புக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் ஒரு வியாழன் வந்திருந்தாள்.

யேசுரட்ணம் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார். சீலா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்திருக்க வேண்டாம் எண்டு எழுதினனான்," என்றார்.

எல்சி சொல்லிவிட்டாள் என்று சீலாவுக்கு விளங்கியது. நிமிராமல் சட்டையைப் பிழிந்தாள்.

"வாசிச்சனான். ஆனா லைன் எண்டது எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும். நான் எழும்பிப் போன நேரம் வந்திருந்தா?"

"ரண்டரை வருசம், சீலா."

"சாப்பாட்டு நேரம்தானே. எங்கையெண்டாலும் இருக்கத்தானே வேணும்."

யேசுரட்ணம் கிணற்றுக் கட்டில் இருந்தார். அவள் பிழிந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடியில் போட்டார். அவருடைய சேட்டு ஒன்றும் அதில் இருந்தது, லிபியாவுக்குக் கொண்டுபோகாமல் விட்டது. போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சேட்டை அவள் எத்தனை தடவை தோய்த்திருப்பாள் என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

அடுத்த வருடம் சீனன்குடாப் பக்கம் புதிதாக எழும்பிய கோதுமை மா ஆலையில், உள்ளே இருக்கும் தொலைபேசிகளைப் பார்க்க ஆள் தேடினார்கள். யேசுரட்ணத்தை எடுத்தார்கள். சின்ன இயந்திரம், இருபத்தைந்து லைன், எல்லாம் புதுசு. கிழமைக்கு ஒரு பழுது வந்தால் பெரிது. மத்தியானம் வேலை முடிந்து குடாவின் ஓரமாகச் சைக்கிளில் வரும்போது, தூரத்தில் கப்பல்கள் நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பூசை முடிந்து வந்து இருவரும் விறாந்தையில் இருந்தார்கள். யேசுரட்ணம் கண்ணை மூடியிருந்தார். அவருடைய விரல்கள் கதிரைக் கையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன. ஏறுவது, திரும்புவது, நிற்பது. நூறு செலெக்டர்கள் ஒன்றாய் ஓடும் டெர்னா மண்டபம் அவருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"லிபியாவை நினைக்கிறியளோ?" என்று சீலா கேட்டாள்.

யேசுரட்ணம் கண்ணைத் திறந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊருக்காக ஏங்கிய மனிதன் ஊரில் இருந்துகொண்டு அங்கே மனம் போகிறது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"ஓம்," என்றார். "அந்த வேலையை. அந்தச் சத்தத்தை."

அவள் கோபிப்பாள் என்று பார்த்தார். சீலா எழும்பிப் போய் விளக்கைப் போட்டுவிட்டு, தன்னுடைய கதிரையைத் தூக்கி அவருக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்தாள்.

"அங்க உங்களோட வேலை செய்தவர், அவற்ற பேர் என்ன?"

"உம்ரான்."

"அவர் என்ன மாதிரி ஆள்? சொல்லுங்கோ, கேப்பம்."

யேசுரட்ணம் கொஞ்சம் யோசித்தார். மெலிந்த ஆள் என்றார். நிதானமான ஆள் என்றார். பிறகு, உம்ரான் தேத்தண்ணி ஊற்றும்போது கேத்திலை எவ்வளவு உயரத்தில் பிடிப்பார் என்று கையைத் தூக்கிக் காட்டினார்.